முள் நின்றது, உடல் கரைந்தது: காந்தியின் எடைக் கணக்கு நமக்குச் சொல்வது என்ன?

வேலப்பன்சாவடியில் காலை ஏழு மணிக்கே பூந்தமல்லி நெடுஞ்சாலை பரபரப்பாகிவிடும். கல்லூரிப் பேருந்துகள், கம்பெனி வேன்கள், திருவேற்காடு பக்கம் திரும்பக் காத்திருக்கும் ஆட்டோக்கள். இந்தக் கூட்டத்தில் கலப்பதற்கு முன்னால், வீட்டில் குளியலறை வாசலில் ஒரு சின்னச் சடங்கு நடக்கிறது. எடை மெஷின் மேலே ஏறி நிற்பது.

இரண்டு வாரமாக ராத்திரி சாதத்தை நிறுத்தியாச்சு. வெயிட் மூணு கிலோ குறைஞ்சாச்சு. ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண பிரியாணி. திங்கட்கிழமை காலையில் பார்த்தால் ஒன்றரை கிலோ ஏறி நிற்கிறது. அவ்வளவுதான், இத்தனை நாள் பட்டபாடு வீண் என்று மனசு உடைந்துபோகிறது.

ஒரு விஷயம் சொன்னால் ஆறுதலாக இருக்கும். அந்த மூணு கிலோவும் கொழுப்பு கிடையாது. ஏறிய ஒன்றரை கிலோவும் கொழுப்பு கிடையாது. எடை என்பது வேறு, கொழுப்பு என்பது வேறு. இரண்டும் சேர்ந்து நடக்கும் நாட்களும் உண்டு, எதிரெதிராக நடக்கும் நாட்களும் உண்டு.

இதை விளக்க நம் நாட்டில் ஒரு மனிதரின் வாழ்க்கையே போதும். உடம்பில் கொழுப்பு என்று பெரிதாக எதுவும் இல்லாத மனிதர். ஆனால் அவருடைய எடை ஒரு பவுண்டு இறங்கினாலும் அது நாடு முழுக்கச் செய்தியானது. ஒரு முறை அவருடைய எடை இறங்காமல் அப்படியே நின்றது. மருத்துவர்களுக்குக் கலக்கம் வந்தது அப்போதுதான். அவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

பலசாலி ஆக ஆசைப்பட்ட பையன்

1869 அக்டோபர் 2-ம் தேதி போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், சின்ன வயதில் ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள பையன். வெள்ளைக்காரர்கள் இறைச்சி சாப்பிடுவதால்தான் பலசாலியாக இருக்கிறார்கள், அதனால்தான் நம்மை ஆள்கிறார்கள் என்று ஒரு நண்பர் சொன்னதை நம்பி, வீட்டுக்குத் தெரியாமல் கறி சாப்பிட்டுப் பார்த்தார். பெற்றோரிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற உறுத்தலில் அதை விட்டுவிட்டார். உடம்பைப் பற்றிய அவருடைய முதல் பரிசோதனை இப்படித் தோல்வியில் முடிந்தது.

1888-ல் சட்டம் படிக்க லண்டன் போனார். அம்மாவுக்குக் கொடுத்த வாக்குறுதியால் அங்கே சைவமாகவே இருந்தார். வேகவைத்த காய்கறியைத் தின்று பசியோடு கிடந்த நாட்கள் அதிகம். பிறகு ஃபேரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். அங்கேயே வாங்கிய புத்தகம் அவரைக் கொள்கை அளவில் சைவராக மாற்றியது. லண்டன் சைவச் சங்கத்தின் செயற்குழுவில் உறுப்பினரும் ஆனார். காசை மிச்சப்படுத்த பஸ், வண்டி எதிலும் ஏறாமல் தினமும் எட்டு, பத்து மைல் நடந்தார். அந்த நடைதான் தன்னை லண்டனில் நோயில்லாமல் காப்பாற்றியது என்று பின்னால் நம்பினார். சாகும்வரை அந்தப் பழக்கத்தை விடவும் இல்லை.

1893-ல் தென்னாப்பிரிக்கா. 1904-ல் ஃபீனிக்ஸ் குடியிருப்பு, 1910-ல் டால்ஸ்டாய் பண்ணை. பழமும் கொட்டைகளும் மட்டும் சாப்பிட்டுப் பார்ப்பது, உப்பை விடுவது, பருப்பை விடுவது, பாலை விடுவது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனைகள். 1915-ல் இந்தியா திரும்பியதும் ஹரித்வார் கும்பமேளாவில், ஒரு நாளில் ஐந்து பொருட்களுக்கு மேல் உண்பதில்லை, இருட்டிய பின் சாப்பிடுவதில்லை என்று விரதம் எடுத்தார். இன்றைக்கு நாம் இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் என்று ஆப் போட்டுக் கணக்கு வைக்கிற விஷயத்தில் ஒரு பகுதியை அவர் அன்றே வாழ்க்கை முழுக்கச் செய்துவந்தார். நோக்கம்தான் வேறு. எடையைக் குறைப்பது அவருடைய கவலையே இல்லை. நாக்கை அடக்குவதுதான் அவர் குறி.

ஆட்டுப்பால் கற்றுக்கொடுத்த பாடம்

1918-ல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராக அலைந்தபோது கடுமையான சீதபேதி வந்தது. இனி பிழைக்க மாட்டோம் என்று அவரே நினைக்கும் அளவுக்குப் போனது. நோய் நின்ற பிறகும் உடம்பு தேறவில்லை. பால் சாப்பிடாமல் இந்த உடம்பைக் கட்ட முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். காந்தியோ பாலை விட்டு ஆறேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பசுவையும் எருமையையும் கறக்கும்போது நடக்கும் கொடுமையால் எடுத்த விரதம் அது. அப்படியென்றால் ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று வழி காட்டியவர் கஸ்தூர்பா. விரதத்தின் எழுத்து காப்பாற்றப்பட்டது, உயிர் மீண்டது. ஆனால் அதன் ஆன்மாவைத் தான் மீறிவிட்டதாகக் காந்திக்குக் கடைசிவரை மனக்குறை இருந்தது.

இதில் நமக்கு ஒரு உடலியல் பாடம் இருக்கிறது. நோயிலோ பட்டினியிலோ எடை இறங்கும்போது கொழுப்போடு சேர்ந்து தசையும் போகிறது. கொழுப்பைத் திரும்பச் சேர்ப்பது எளிது. நாலு நாள் இனிப்பு சாப்பிட்டால் போதும். தசையைத் திரும்பக் கட்டப் புரதம் வேண்டும், உடல் உழைப்பு வேண்டும், காலமும் வேண்டும். அந்த மருத்துவர் பாலுக்காகப் பிடிவாதம் பிடித்ததன் காரணம் இதுதான். 1929-ல் சமைக்காத பச்சை உணவுச் சோதனையில் இறங்கியபோதும் காந்திக்கு இதேதான் நடந்தது. உடம்பு தளர்ந்து, வயிற்றுப்போக்கில் முடிந்து, மறுபடி ஆட்டுப்பாலுக்கே வந்து சேர்ந்தார். அதைப் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதவும் செய்தார்.

1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். ஏழை விவசாயியின் உடையை ஏற்ற முடிவு அது. அதோடு இன்னொன்றும் நடந்தது. அன்றிலிருந்து அவருடைய உடம்பு நாட்டின் கண்முன்னால் திறந்தே இருந்தது. விலா எலும்பு எவ்வளவு தெரிகிறது, தோள் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று எல்லோரும் பார்த்தார்கள்.

46.7 கிலோ, 165 சென்டிமீட்டர்

காந்தியின் 150-வது பிறந்த ஆண்டையொட்டி, 2019-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அவருடைய உடல்நலப் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டது. 1939-ல் எடுத்த குறிப்பின்படி அவருடைய எடை 46.7 கிலோ, உயரம் 165 சென்டிமீட்டர். பி.எம்.ஐ. கணக்குப் போட்டால் 17.1. இன்றைய அளவுகோலில் 18.5-க்குக் கீழே என்றால் எடை போதாது என்று அர்த்தம்.

இவ்வளவு ஒல்லியான மனிதருக்கு எல்லாம் நார்மலாக இருந்திருக்கும் என்று நினைத்தால் தவறு. அவருக்கு ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. அதே பதிவுகளில் 220/110 வரை போன அளவும் இருக்கிறது. ஒல்லி என்றால் ஆரோக்கியம், குண்டு என்றால் நோய் என்று எடை மெஷினை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அதே காலத்தில் நம் நீலகிரியில், குன்னூரில், இந்தியர்களின் உணவைப் பற்றிய பெரிய ஆராய்ச்சிகள் நடந்துகொண்டிருந்தன. 1918-ல் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோயை ஆராய ஒரே அறையில் தொடங்கிய கூடம் அது. பின்னால் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நம் தட்டில் எவ்வளவு புரதம், எவ்வளவு கலோரி என்று இன்று கூகுளில் தேடிப் படிக்கிற பல அட்டவணைகளின் வேர் குன்னூரில்தான் இருக்கிறது.

1943: மூன்று வாரத்தில் எட்டு கிலோ

1942 ஆகஸ்ட் 9 அன்று வெள்ளையனே வெளியேறு இயக்கத்துக்காகக் கைதான காந்தியைப் புனேயில் ஆகா கான் மாளிகையில் வைத்தார்கள். ஆறே நாளில், ஆகஸ்ட் 15 அன்று, அவருடைய செயலாளர் மகாதேவ் தேசாய் அங்கேயே இறந்துபோனார். நாட்டில் நடந்த வன்முறைக்குக் காந்தியே பொறுப்பு என்று அரசு குற்றம் சாட்டியது. அதை மறுத்து, 1943 பிப்ரவரி 10 அன்று 21 நாள் உண்ணாநோன்பு தொடங்கினார். அப்போது வயது 73.

இது சாகும்வரை நோன்பு இல்லை, உடம்பு தாங்குகிற அளவுக்கு என்று அவர் முன்கூட்டியே அறிவித்திருந்தார். தண்ணீர் இறங்காமல் போனால் மட்டும் எலுமிச்சை வகைப் பழச்சாறு கொஞ்சம் கலந்துகொள்வதாகவும் சொல்லியிருந்தார். பத்து நாள் தாண்டியதும் நிலைமை மோசமானது. குமட்டலில் தண்ணீர் குடிக்க முடியவில்லை. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாமல் ரத்தத்தில் கழிவு சேர ஆரம்பித்தது. சாத்துக்குடிச் சாறு கொஞ்சம் கலந்த பிறகு தண்ணீர் உள்ளே போனது. மெல்ல மீண்டார். மார்ச் 3 அன்று நோன்பு முடிந்தது.

தொடக்கத்தில் சுமார் 109 பவுண்டு இருந்தவர், 90 பவுண்டை ஒட்டி இறங்கியிருந்தார். நம் கணக்கில் எட்டு கிலோவுக்கு மேல்.

மூணு வாரத்தில் எட்டு கிலோ! இன்ஸ்டாகிராம் விளம்பரம் மாதிரி இருக்கிறதா? இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி சேமிப்பு இருக்கிறது. அவ்வளவு மெலிந்த, 73 வயதான, படுக்கையில் கிடக்கிற ஒருவரின் உடம்பு ஒரு நாளைக்குத் தாராளமாக வைத்தாலும் 1,100 கலோரிதான் செலவழிக்கும். 21 நாளைக்கு 23,100 கலோரி. அத்தனையும் கொழுப்பிலிருந்தே வந்ததாக வைத்துக்கொண்டாலும் கரைந்திருக்கக்கூடிய கொழுப்பு சரியாக மூன்று கிலோ.

அப்படியானால் மீதி ஐந்து கிலோ எங்கே போனது?

முதலில் போவது தண்ணீர்

நம் உடம்பில் கொழுப்பு தவிர இன்னொரு சேமிப்பு உண்டு. அதன் பெயர் கிளைக்கோஜன். சாப்பிட்ட சாதம், இட்லி, சர்க்கரை எல்லாம் குளுக்கோஸாக மாறி, கல்லீரலிலும் தசையிலும் இப்படிச் சேமிக்கப்படுகிறது. சராசரி ஆளிடம் மொத்தம் அரை கிலோ இருக்கும். இது தனியாக உட்காராது. ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு உட்காரும். ஆக, இந்தக் கிடங்கு நிரம்பியிருந்தால் உங்கள் எடையில் இரண்டு கிலோ அதன் கணக்கு.

பட்டினி கிடந்தாலோ, சாதத்தை நிறுத்தினாலோ முதலில் காலியாவது இந்தக் கிடங்குதான். கூடவே இன்சுலின் குறைகிறது. இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் உப்பை வெளியே விடுகிறது. உப்பு போனால் தண்ணீரும் பின்னாலேயே போகிறது. எந்த டயட்டாக இருந்தாலும் முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவதன் ரகசியம் இவ்வளவுதான்.

அடுத்து தசை. மூளைக்கும் ரத்த அணுக்களுக்கும் குளுக்கோஸ் வேண்டும். கொழுப்பிலிருந்து அதை அதிகமாக எடுக்க முடியாது. அதனால் ஆரம்ப நாட்களில் உடம்பு தன் தசைப் புரதத்தையே உடைத்துக் குளுக்கோஸ் தயாரிக்கிறது. சில நாள் கழித்து, கொழுப்பிலிருந்து கிடைக்கும் கீட்டோன்களை மூளை பயன்படுத்தப் பழகிக்கொள்ளும். அப்போது தசை இழப்பு குறையும். ஆனால் நிற்காது. தசையிலும் முக்கால் பங்கு தண்ணீர்தான் என்பதால், அது கரையும்போது எடை வேகமாக இறங்கும், எரிபொருளோ கொஞ்சம்தான் கிடைக்கும்.

கொழுப்பு நிறைய வைத்திருப்பவருக்குத் தசை ஓரளவு தப்பும். காந்தி மாதிரி ஏற்கெனவே மெலிந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் அவர் உண்ணாநோன்பு இருந்தபோது, ஆறே நாளில் உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்ததையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

சரி, கரைகிற கொழுப்பு எப்படி உடம்பை விட்டு வெளியேறுகிறது? வியர்வையாக என்று பலர் நினைக்கிறார்கள். 2014-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். பத்து கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சுக்காற்றில் போகிறது. 1.6 கிலோ மட்டும் தண்ணீராகிறது. நீங்கள் இழக்கும் கொழுப்பின் பெரும்பகுதியை ஊதித்தான் வெளியே தள்ளுகிறீர்கள். இது மெதுவாக நடக்கும் வேலை. ஒரே நாளில் ஒரு கிலோ குறைந்ததாக மெஷின் காட்டினால், அது மூச்சில் போன கொழுப்பாக இருக்க வழியில்லை.

1948 ஜனவரி: முள் நின்றது

இனி அவருடைய கடைசி நோன்பு. நாடு இரண்டாகப் பிரிந்து, டெல்லி முழுக்க அகதிகளும் கலவரமும். முஸ்லிம்கள் தங்கள் வீடுகளில், மசூதிகளில் பயமின்றி இருக்க வேண்டும் என்று கேட்டு, 1948 ஜனவரி 13 அன்று பிர்லா மாளிகையில் காந்தி உண்ணாநோன்பு தொடங்கினார். வயது 78. 1943-ல் பட்ட அடியிலிருந்து சிறுநீரகம் முழுதாக மீண்டிருக்கவில்லை. டில்லி ஜனவரிக் குளிர் வேறு.

மருத்துவர்கள் தினமும் எடை பார்த்தார்கள். முதல் நாட்களில் நாளுக்குச் சுமார் இரண்டு பவுண்டு இறங்கியது. அது எதிர்பார்த்ததுதான். பிறகு 107 பவுண்டில், அதாவது நாற்பத்தெட்டரை கிலோவில், முள் நின்றுவிட்டது. மறுநாளும் 107.

வெளியே இருந்து பார்த்தால் நல்ல செய்தி மாதிரித் தெரியும். எடை குறையவில்லையே, உடம்பு தாங்குகிறதே என்று தோன்றும். ஆனால் சுசீலா நய்யார் உள்ளிட்ட மருத்துவர்களுக்கு அது அபாய மணி. அவர் ஒரு பருக்கை சாப்பிடவில்லை. உடம்பு தினமும் தன்னையே எரித்துக்கொண்டிருக்கிறது. எடை குறைந்தே தீர வேண்டும். குறையவில்லை என்றால், கரைகிற கொழுப்பின் இடத்திலும் தசையின் இடத்திலும் வேறு ஏதோ நிரம்புகிறது என்று அர்த்தம்.

நிரம்பியது தண்ணீர். குடித்த தண்ணீரைச் சிறுநீரகம் முழுதாக வெளியேற்றவில்லை. குடித்த அளவும் வெளியேறிய அளவும் பொருந்தவில்லை. எடை மெஷின் அமைதியாக இருந்தது. உள்ளே உடம்பு சரிந்துகொண்டிருந்தது. சிறுநீரகம் சரியாக இயங்கவில்லை என்று மருத்துவ அறிக்கைகள் நாட்டுக்குச் சொல்லின. அமைதிக் குழுக்கள், ஊர்வலங்கள், கூட்டங்கள் என்று டெல்லி பதறியது. ஜனவரி 18 அன்று எல்லாத் தரப்புத் தலைவர்களும் வந்து உறுதி கொடுத்தார்கள். மௌலானா ஆசாத் கொடுத்த பழச்சாறோடு நோன்பு முடிந்தது. பன்னிரண்டு நாள் கழித்து, ஜனவரி 30 மாலை, பிரார்த்தனைக்கு நடந்துபோன வழியில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இரண்டு நோன்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1943-ல் முள் எட்டு கிலோ இறங்கியது, கொழுப்போ அதிகபட்சம் மூன்று கிலோ. 1948-ல் முள் அசையவே இல்லை, கொழுப்பும் தசையும் நிற்காமல் கரைந்தன. இரண்டு முறையும் மெஷின் பொய் சொல்லவில்லை. மொத்த எடையை ஒழுங்காகத்தான் காட்டியது. அந்த மொத்தத்துக்குள் எது எவ்வளவு என்று சொல்வது அதன் வேலையே இல்லை.

இதே காலத்தில், 1944-45-ல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். அங்கேயும் இதுவே தெரிந்தது. உடல் கரையக் கரைய உள்ளே தண்ணீர் தேங்கியது, கணுக்கால் வீங்கியது, உண்மையான இழப்பை எடை குறைத்துக் காட்டியது.

உங்கள் வீட்டு மெஷினை எப்படிப் படிப்பது?

இப்போது அந்தத் திங்கட்கிழமைக் காலைக்குத் திரும்புவோம். தினமும் 500 கலோரி குறைவாகச் சாப்பிடுகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு நாளில் கரையும் கொழுப்பு சுமார் 65 கிராம். ஒரு சின்ன எலுமிச்சம்பழ எடை. ஆனால் தண்ணீர், உப்பு, வயிற்றில் இருக்கும் சாப்பாடு இவற்றால் ஒரே நாளில் உங்கள் எடை ஒன்று, இரண்டு கிலோ மேலும் கீழும் போகும். இரைச்சலான ரோட்டில் கொசு சத்தத்தைக் கேட்க முயற்சி பண்ணுகிற கதைதான்.

பிரியாணியின் உப்பு. நம் உடம்பு நீரில் உப்பு ஏறக்குறைய லிட்டருக்கு 9 கிராம் என்ற அளவில் இருக்கிறது. அன்றைக்குக் கூடுதலாக 4, 5 கிராம் உப்பு போனால், அதைச் சமன் செய்ய உடம்பு அரை லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலியாக இருந்த கிளைக்கோஜன் கிடங்கும் சாதத்தால் நிரம்பும். அதோடும் தண்ணீர். ஒன்றரை கிலோ ஏறியதன் கணக்கு முடிந்தது. இரண்டு மூன்று நாளில் தானாக இறங்கிவிடும்.

புதிதாக ஜிம் சேர்ந்தவர்கள். தசை வலிக்கும்போது அங்கே நீர் கோக்கும். முதல் இரண்டு, மூன்று வாரம் எடை குறையாமல் இருக்கலாம், கொஞ்சம் ஏறவும் செய்யலாம். பேன்ட் லூஸ் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பெண்கள். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் உடம்பு நீரைப் பிடித்து வைப்பது சகஜம். இந்த வார எடையைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன மாதம் இதே வாரத்தோடு ஒப்பிடுவது நியாயம்.

தினசரி எண்ணை விட வார சராசரி. காலையில் எழுந்து கழிப்பறை போய்வந்த பின், சாப்பிடும் முன், ஒரே மெஷினில் பாருங்கள். ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுங்கள். ஒரு வார சராசரியை அடுத்த வார சராசரியோடு ஒப்பிடுங்கள்.

இடுப்பு டேப். தையல்காரர் டேப் ஒன்று போதும். வாரம் ஒரு முறை, தொப்புள் மட்டத்தில், வயிற்றை உள்ளே இழுக்காமல் அளங்கள். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 சென்டிமீட்டர் என்பது கவனிக்க வேண்டிய எல்லை.

நமக்கு இது கூடுதலாக முக்கியம். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், பிரிட்டன் மருத்துவர் ஜான் யுட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3. ஆனால் யுட்கினின் உடல் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே பி.எம்.ஐ., கொழுப்பு இரண்டு மடங்கு! ஒல்லியாகத் தெரிந்தும் தொப்பையில் கொழுப்பு வைத்திருக்கும் இந்திய உடல்வாகை மெஷின் எண் மறைத்துவிடும்.

கொழுப்பு சதவீதம் காட்டும் வீட்டு மெஷின்கள். கால் வழியாக மிக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, உடம்பின் நீர் அளவை வைத்துக் கொழுப்பை ஊகிக்கின்றன. தண்ணீர் குறைவாகக் குடித்த நாளில் ஒன்று காட்டும், குடித்த நாளில் வேறு காட்டும். மாதக்கணக்கில் போக்கைப் பார்க்கலாம். இன்றைய எண்ணை வைத்து இன்றைக்கே முடிவெடுக்க வேண்டாம்.

தசையைக் காப்பாற்றுங்கள். ஆட்டுப்பால் கதை நினைவிருக்கிறதா? பருப்பு, சுண்டல், பால், தயிர், முட்டை, மீன், உங்கள் வீட்டு வழக்கப்படி எதுவோ அது, ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். வாரம் இரண்டு, மூன்று நாளாவது எடை தூக்கும் பயிற்சி. அப்போதுதான் இறங்கும் எடையில் கொழுப்பின் பங்கு அதிகமாக இருக்கும்.

முள் ஏறினால் டாக்டரிடம் போக வேண்டியது எப்போது?

காந்தியின் கடைசி நோன்பு இன்னொரு எச்சரிக்கையையும் விட்டுப்போயிருக்கிறது. சாப்பாடு மாறாமல் சில நாட்களுக்குள் எடை இரண்டு கிலோ ஏறி, கூடவே கால் வீக்கம், மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல் இருந்தால், அது தண்ணீர் தேங்குவதன் அறிகுறி. இதயமோ சிறுநீரகமோ சிரமப்படலாம். டயட்டைக் கடுமையாக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். டயாலிசிஸ் மையங்களில் ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் எடை பார்ப்பதும் இதே காரணத்துக்குத்தான். அங்கே எடை மெஷின் அளப்பது தேங்கிய தண்ணீரை மட்டுமே.

அதேபோல் சர்க்கரை நோய் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் யாரும் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட பட்டினியில் இறங்கக் கூடாது. காந்தி பட்டினி கிடந்தது பேன்ட் சைஸுக்காக இல்லை. பக்கத்தில் எப்போதும் மருத்துவர்கள் இருந்தும், இரண்டு முறை அவருடைய சிறுநீரகம் கைவிடப் பார்த்தது.

அவரிடமிருந்து தைரியமாக எடுத்துக்கொள்ளக்கூடியது நடை. 1930-ல் அறுபது வயதில் சபர்மதியிலிருந்து தண்டி வரை 241 மைல் நடந்தார். அதற்குப் பின்னும் நிற்கவில்லை. வேலப்பன்சாவடி என்ற பேரிலேயே சாவடி இருக்கிறது. கால்நடையாகப் போகிறவர்கள் தங்கி இளைப்பாறும் இடத்துக்குத்தான் அந்தப் பெயர். இன்றைக்கு நெடுஞ்சாலையில் நடப்பது கஷ்டம், ஒத்துக்கொள்கிறோம். உள்தெருக்களில் சாயங்காலம் அரை மணி நேரம் முடியும்.

நாளை காலை மெஷின் மேலே ஏறுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், இறங்கி வேலையைப் பாருங்கள். சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்பதை ஒரு மாதம் கழித்து, டேப்பைப் பார்த்து முடிவு பண்ணிக்கொள்ளலாம்.